பிக்கப் ஏசி குளிரேல்லை, காஸ் அடிச்சும் சரிவரேல்லை (அவசரம்)

முறிகண்டி_ஓட்டம்:
பிக்கப்பின்ரை ஏசி குளிரேல்லை. காத்து நல்லா வருது, ஆனா வெக்கைக் காத்து. முந்தநாள் காஸும் அடிச்சாச்சு. நாளைக்குப் பின்னேரம் ஆக்களை ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போகவேணும். என்ன சாமான் மாத்தவேணும் எண்டு கெதியாச் சொல்லுங்கோ.

நெடுங்கேணி_வயர்மன்:
எந்த வாகனம், எத்தினையாம் ஆண்டு? ஏசி சுவிச் போடேக்கை கொம்பிரசரின்ரை (காஸை அமுக்கிற பம்பின்ரை) கிளச் ‘டக்’ எண்டு பிடிக்குதோ? பிடிக்காட்டில் முதல் பியூஸ், பிறகு ரிலே. ஹோன் ரிலேயும் அதே வகை எண்டால் இடம் மாத்திப் போட்டுப் பாருங்கோ. அதுக்கும் பிடிக்காட்டில் கிளச் கொயிலின்ரை வயரைக் கழட்டி ஓம் மீற்றர் வையுங்கோ. 3 இலிருந்து 5 ஓமுக்குள்ளை காட்டினால் கொயில் நல்லது.

வயல்காரன்:
எந்த நேரமும் குளிரேல்லையோ, நிக்கேக்கை மட்டுமோ? இது தெரியாமல் ஒண்டும் சொல்லேலாது.

டபுள்கெப்_தம்பி:
கொம்பிரசர் போயிட்டுது அண்ணை. காஸ் இருந்தும் குளிராட்டில் வேறை என்ன? ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுங்கோ.

பழைய_ஸ்பனர்:
வாகனம் என்ன, காஸ் பிறசர் மீற்றர் என்ன காட்டினது, காஸ் எத்தினை கிராம் போனது எண்டு ஒண்டும் சொல்லாமல் சாமான் பேர் கேக்கிறீர். நோயைச் சொல்லாமல் மருந்து கேக்கிற மாதிரி. இஞ்சை முந்தியும் கன தரம் எழுதியாச்சு, வாசிச்சுப்போட்டு வந்திருக்கலாம். கொம்பிரசர் எண்டு சொன்ன தம்பிக்கு: கொம்பிரசர் தளர்ந்தால் சின்னப் பக்கம் (பிறசர் குறைஞ்ச பக்கம்) ஏறும், பெரிய பக்கம் (பிறசர் கூடின பக்கம்) இறங்கும், ரெண்டும் கிட்டக்கிட்ட வந்து நிக்கும். மீற்றர் பார்க்காமல் கொம்பிரசர் மாத்தச் சொல்லுறது ஆற்றையோ காசைக் கரைக்கிற வேலை.

முறிகண்டி_ஓட்டம்:
மன்னிக்கோணும். ஹைலக்ஸ் வீகோ, 2.5 டீசல், 2008. கிளச் பிடிக்குது. ஓடேக்கை கொஞ்சம் குளிர், நிண்டால் வெக்கை. காஸ் அடிச்சவர் ஐடிலிலை மீற்றர் படம் எடுத்துத் தந்தவர்: சின்னப் பக்கம் 65, பெரிய பக்கம் 340. எத்தினை கிராம் எண்டு தெரியாது, இருந்ததுக்கு மேலால அடிச்சது.

வயல்காரன்:
இப்பதான் விசயம் வெளிக்குது. இந்த வெயிலுக்கு 134ஏ காஸிலை சின்னப் பக்கம் 30–50, பெரிய பக்கம் 200–275 பிஎஸ்ஐ நிக்கவேணும். ரெண்டு பக்கமும் கூட எண்டால் மூண்டு காரணம்: கொண்டென்சருக்கு (றேடியேற்றருக்கு முன்னாலை நிண்டு காஸின்ரை சூட்டை வெளியிலை விடுற பகுதி) காத்துப் பிடிபடேல்லை, காஸ் கூடிப்போச்சு, இல்லாட்டில் பைப்புக்குள்ளை வெறுங்காத்து நிக்குது. மூண்டையும் காசில்லாமல் பிரிச்சுப் பார்க்கலாம்.

விடிய, எஞ்சின் ஸ்ராட் பண்ணமுதல் மீற்றரைக் கொழுவுங்கோ. ரெண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும். 28 பாகையிலை 91, 30 பாகையிலை 97 கிட்ட இருந்தால் உள்ளை வெறுங்காத்து இல்லை. அதைவிட நல்லாக் கூடினால் இருக்கு. ஆனா இந்த அளவை வைச்சுக் காஸ் காணுமோ கூடவோ எண்டு சொல்லேலாது. உள்ளை கொஞ்சம் திரவம் கிடந்தாலே இதே அளவுதான் காட்டும்.

பிறகு ஐடிலிலை ஏசியைப் போட்டு, கொண்டென்சருக்கு முன்னாலை ஒரு வாளி தண்ணியை ஆறுதலா ஊத்துங்கோ. பெரிய பக்கம் மளமளவெண்டு இறங்கினால் காத்தோட்டத்திலைதான் பிழை. காஸ் கூடினாலும் கொஞ்சம் இறங்கும், அதாலை கழுவினாப்போலை திரும்பவும் அளக்கவேணும்.

நெடுங்கேணி_வயர்மன்:
எஞ்சினோடை சேர்ந்து சுத்துற விஸ்கஸ் ஃபானையும் பாருங்கோ. எஞ்சின் சூடா இருக்கேக்கை நிப்பாட்டி, திறப்பைக் கழட்டிப்போட்டுக் கையாலை சுத்துங்கோ. இறுக்கமா நிக்கவேணும். தடையில்லாமல் நாலைஞ்சு சுத்துச் சுத்தினால் உள்ளை சிலிக்கன் எண்ணெய் போயிட்டுது.

டபுள்கெப்_தம்பி:
வெறுங்காத்து எண்டால் வக்கூம் (பம்பாலை உள்காத்தை இழுத்தெடுக்கிறது) போடத் தேவையில்லை. ஒரு பக்கத்தாலை காஸை விட்டு மற்றப் பக்கத்தாலை தள்ளிவிடலாம், அரை மணித்தியாலம் மிச்சம்.

பழைய_ஸ்பனர்:
காத்துப் போகும், ஈரம் போகாது. சின்னப் பக்கம் 28 பிஎஸ்ஐக்குக் கீழை இறங்கினால் எக்ஸ்பான்சன் வால்வு (திரவக் காஸை விரிய விடுற சின்ன வழி) வாயிலை 0 பாகைக்குக் கீழை. அந்த ஈரம் அதிலை உறைஞ்சு வழியை அடைக்கும். பிறகு எண்ணெயோடை சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். வக்கூம் பம்பாலை 29 அங்குலத்துக்கு (பாதரச அளவு) இழுத்து 30 நிமிசம் ஓடவிடவேணும். பம்பை நிப்பாட்டி 15 நிமிசம் மீற்றர் அசையாமல் நிண்டால்தான் காஸ். அதுவும் பொனற்றுக்குக் கீழை ஸ்டிக்கரிலை போட்டிருக்கிற கிராமைத் தராசிலை நிறுத்து.

டபுள்கெப்_தம்பி:
தராசு வைச்சு அடிக்கிற கராச் இஞ்சாலை எத்தினை? எல்லாரும் மீற்றரைப் பார்த்துத்தானே அடிக்கினம்.

பழைய_ஸ்பனர்:
அதுதான் 340இலை வந்து நிக்குது.

வயல்காரன்:
சண்டை பிறகு. தம்பி, கழுவுற முறையைக் கேளுங்கோ. அருவி வெட்டுக் காலத்திலை வயல் ரோட்டிலை ஓடின வாகனத்திலை வைக்கல் தூளும் சப்பியும் கிரவல் புழுதியும் கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவிலைதான் போய் இறுகும். முன்னாலை நிண்டு பார்த்தால் சுத்தமாத்தான் தெரியும். எஞ்சின் ஆறினாப்போலை கிறிலைக் கழட்டி, மேல் பிளேற்றையும் கழட்டி, எஞ்சின் பக்கத்தாலை முன்னுக்குத் தண்ணி அடியுங்கோ. முன்னாலை நிண்டு அடிச்சால் குப்பை இன்னும் உள்ளுக்குப் போகும். தோட்டத்துப் பைப் காணும், சேவிஸ் பிறசர் வேண்டாம், கொண்டென்சரின்ரை மெல்லிய ஃபின் தகடு மடிஞ்சால் காத்து ஒருக்காலும் போகாது.

முறிகண்டி_ஓட்டம்:
விடிய 28 பாகை, ரெண்டு பக்கமும் 92. தண்ணி ஊத்த 340 இலிருந்து 240க்கு வந்துது. நடுவிலை ஒரு விரல் தடிப்புக்குச் சப்பி. ஃபான் இறுக்கமா இருக்கு. கழுவினாப்போலை ஐடிலிலை 42 / 255, காத்து வாயிலை 9 பாகை. நன்றி அண்ணையள், வெளிக்கிடுறன்.

நெடுங்கேணி_வயர்மன்:
சந்தோசம். கொழும்பாலை வந்தாப்போலை காஸை முழுக்க எடுத்து நிறுத்துப் போடுங்கோ. அதுசரி, முதல் ஏன் காஸ் அடிச்சனீங்கள்? லீக் இருந்ததோ?