கைப்பேசியில் மணி சரியாக இருந்தும் வங்கிக் குறியீடு ஏற்கப்படவில்லை, சந்திப்பும் தவறிவிட்டது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். பத்து மாதப் பணிக்காக வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஊரில் காலை எட்டு மணி என்றால் இங்கே விடியற்காலை மூன்று. இங்குள்ள வங்கி முகவரிச் சான்று கேட்கிறது. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் அந்தச் சான்று கிடைக்கும். ஒப்பந்தத்துக்கு முன்பணம் அனுப்ப ஊரிலுள்ள என் கணக்கைத் திறந்தால், அங்கீகாரச் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டைத் தவறு என்று தள்ளிவிடுகிறது. மூன்றாவது முறையும் தவறினால் கணக்கு முடங்கிவிடுமோ என்ற பயத்தில் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

போதாக்குறைக்கு, வீட்டு உரிமையாளர் நாட்காட்டி அழைப்பாக அனுப்பிய சந்திப்புக்குப் பிற்பகல் மூன்று மணிக்குச் சரியாகப் போய் நின்றால், அவர் காலையிலேயே வந்து காத்திருந்து திரும்பிவிட்டார். தூக்கமும் ஒழுங்காக இல்லை. மாலை ஏழு மணிக்கே கண் சொருகுகிறது. விடியற்காலை மூன்றுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாமா?

பதில் 1

தயவுசெய்து செயலியை நீக்காதீர்கள். அதற்குள் இருக்கும் சாவி போய்விட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். ஒரு சந்தேகம்: இங்கே இறங்கியதும் கைப்பேசியின் மணியை நீங்களே கையால் மாற்றி வைத்தீர்களா? கடைசியாக வந்த செய்தி எதையாவது திறந்து, அதில் உள்ள நேரத்தையும் திரையின் மேலே உள்ள நேரத்தையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்

ஆம், வந்த அன்று சிம் வேலை செய்யாததால் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஐந்து மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன். இப்போது திரையில் காலை 9:12; அம்மா இரண்டு நிமிடத்துக்கு முன் அனுப்பிய செய்தியில் பிற்பகல் 2:10 என்று இருக்கிறது. அது ஊர் நேரத்தைக் காட்டுகிறது, வசதிதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் 1

அதுதான் காரணம். நீங்கள் மாற்றியது மணியை மட்டுமே; நேர மண்டலம் ஊருடையதாகவே இருக்கிறது. எனவே உலகப் பொது நேரத்தைக் கணக்கிடும்போது உங்கள் கைப்பேசி ஐந்து மணி நேரம் பிந்தியிருக்கிறது. இவ்வகைச் செயலிகள் 1970 சனவரி 1 முதல் பொது நேரப்படி கடந்த விநாடிகளை முப்பது முப்பதாக எண்ணி, அந்த எண்ணையும் உங்களுக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரிந்த சாவியையும் கொண்டு குறியீட்டை உருவாக்குகின்றன. முப்பது விநாடி ஒரு படி; ஓரிரு படி முன்பின்னாக இருந்தால் வங்கி பொறுத்துக்கொள்ளும். உங்களுடையதோ 600 படி பின்னால் நிற்கிறது. உரிமையாளர் குறித்த காலை பத்து மணியும் இதே குழப்பத்தால்தான் ஊர் நேரத்தில் மூன்று மணியாகத் தெரிந்தது.

தானியங்கி நேரத்தையும் தானியங்கி நேர மண்டலத்தையும் இயக்குங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த மூன்று வாரங்களில் நீங்களே தட்டச்சு செய்து நாட்காட்டியில் குறித்த சந்திப்புகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மண்டலம் மாறியதும் அவை ஐந்து மணி நேரம் முன்னே நகர்ந்துவிடும். பிறர் அனுப்பிய அழைப்புகள் தாமாகவே சரியாகிவிடும்.

பதில் 2

இதோடு இன்னொன்று. குறுஞ்செய்தியில் வரும் குறியீடுகளுக்காகப் பழைய எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அந்தச் சிம்முக்கு ரோமிங் இயங்கட்டும், இணையத் தரவு மட்டும் அணைந்திருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் காலாவதியாகும் எண்ணை நிறுவனங்கள் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதுண்டு. அதன்பின் உங்கள் குறியீடுகள் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும். எண்ணை மாற்றத்தான் வேண்டுமென்றால், பழைய எண் இயங்கும்போதே மாற்றிவிடுங்கள். இந்தப் பாடத்தை நான் தாமதமாகக் கற்று, ஒரு கணக்கைத் திறக்க இரண்டு மாதம் அலைந்தேன்.

கேட்டவர்

குறியீடு முதல் முயற்சியிலேயே ஏற்கப்பட்டது, முன்பணம் அனுப்பிவிட்டேன். நானே குறித்து வைத்த பல் மருத்துவர் சந்திப்பு, நீங்கள் சொன்னபடியே காலை பதினொன்றிலிருந்து ஆறுக்குத் தாவியிருந்தது; திருத்திவிட்டேன். தூக்கத்துக்கு என்ன செய்வது?

பதில் 3

ஐந்து மணி நேர வேறுபாட்டுக்கு உடல் பழக ஒரு வாரம் என்பது பெரும்பாலோருக்குப் போதும். மூன்று வாரமாகியும் சரியாகவில்லை என்றால், ஏதோ ஒன்று உங்களை ஊர் நேரத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் விழிப்பு நேரம் ஊரின் காலை எட்டு மணி. வீட்டார் எழுந்து செய்தி அனுப்பத் தொடங்கும் நேரமும் அதுவேதானா?

அப்படியானால் இரவில் கைப்பேசியை ஒலியின்றி அடுத்த அறையில் வையுங்கள். மூன்று மணிக்கு விழித்தாலும் விளக்கையோ திரையையோ நாடாதீர்கள். அந்நேரத்து வெளிச்சம் உடலின் கடிகாரத்தை இன்னும் முன்னே இழுக்கும். நமக்கு வேண்டியது அதைப் பின்னே தள்ளுவது. மாலை வெளிச்சம் அதைச் செய்யும். ஏழு மணிக்குக் கண் சொருகும்போது படுக்காமல் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்

பிடித்துவிட்டீர்கள். அம்மா எழுந்ததும் முதல் வேலையாக என்னைத்தான் கூப்பிடுவார், நானும் எடுத்துவிடுவேன். இனி அவருக்கு இரவு ஒன்பது, எனக்கு மாலை நான்கு என்று பேசி வைத்திருக்கிறோம். உரிமையாளரும் நாளை காலை பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இம்முறை அழைப்பைப் பார்த்தது மட்டுமின்றி, தொலைபேசியிலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.