டிமெனுவில் 'கெடா' என்பது 'கடொ' ஆகிறது, யாராவது பாருங்களேன்

அச்சுக்கடைத் தம்பி, பினாங்கு:
லிட்டில் இந்தியா பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்னக் கடை எங்களுடையது. லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம். டெபியன் லினக்ஸ் போட்டு, மேலே ஜன்னல்களை அடுக்கும் டிடபிள்யூஎம் மட்டும் வைத்திருக்கிறேன். டச்பேட் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது, அதனால் எல்லாமே கீபோர்டில்தான். வாடிக்கையாளர் ஃபோல்டர்களின் பட்டியலை டிமெனுவுக்கு (பட்டியலைத் திரையில் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் நிரல்) அனுப்பி, தேர்ந்தெடுத்ததைத் திறக்க ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன்.

ஃபோல்டர் பெயரெல்லாம் தமிழில். அங்கேதான் வம்பு. 'கெடா' என்ற மாநிலப் பெயர் 'கடொ' என்று தெரிகிறது. 'பேராக்' 'பரோக்' ஆகிவிட்டது. 'கோலாலம்பூர்' பற்றிக் கேட்கவே வேண்டாம், 'பூ' ஒட்டாமல் பிரிந்து நிற்கிறது. நேற்று சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த ஐயா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "பத்திரிகையிலயும் இப்படித்தான் அடிப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ். லோஹித்தும் போட்டுப் பார்த்தேன், அதே கதை.

ஈப்போக்காரன்:
ஃபான்ட் கேஷைப் புதுப்பித்தீர்களா?

அச்சுக்கடைத் தம்பி:
மூன்று தடவை செய்தாச்சு அண்ணே. ஃபைல் மேனேஜரில் அதே பெயர் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசி:
அப்படியென்றால் ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அப்புறம் கொம்பு. அந்தக் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது ஹார்ஃப்பஸ் மாதிரி எழுத்து கோக்கும் நிரலின் வேலை. உங்கள் ஃபைல் மேனேஜர், பாங்கோ என்ற எழுத்து வரையும் நிரலகம் வழியாக அதைப் பயன்படுத்துகிறது. டிமெனு, எழுத்து வடிவங்களை வரைய மட்டும் தெரிந்த எக்ஸ்எஃப்டியோடு நின்றுவிடுகிறது, வந்த குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். க-வுக்குப் பின்னால் அம்போவென்று நிற்கும் கொம்பு, அடுத்து வரும் 'டா'வோடு சேர்ந்து 'டொ' ஆகிவிடுகிறது. இங்கிலீஷுக்கு இது போதும், நமக்குப் போதாது. எத்தனை ஃபான்ட் மாற்றினாலும் இதுதான் வரும்.

டிமெனுவுக்குப் பதிலாக ரோஃபி போடுங்கள், அது பாங்கோவில் வரைகிறது. ஸ்கிரிப்டில் டிமெனு இருக்கும் இடத்தில் ரோஃபி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சின்னக் கோடு போட்டு, அதை ஒட்டி டிமெனு என்று எழுதினால் போதும். பட்டியலை வாங்குவதும் தேர்ந்ததைத் திருப்பித் தருவதும் அதே மாதிரிதான். ஃபான்ட், நிறம் சொல்லும் துண்டுகளை மட்டும் எடுத்துவிடுங்கள், ரோஃபியில் அதையெல்லாம் தீம் பார்த்துக்கொள்ளும்.

ஈப்போக்காரன்:
பெமெனுவும் பாங்கோதான். எனக்கு அதுதான் பிடிக்கும், அலங்காரம் இல்லாமல் டிமெனு மாதிரியே இருக்கும்.

அச்சுக்கடைத் தம்பி:
ரோஃபியில் கெடா கெடாவாகவே வந்துவிட்டது! ஆனால் புது வம்பு. முன்பு பெயர்களுக்கு நடுவில் அடிக்கோடு போடுவேன். இப்போது தெம்பு வந்து 'கெடா கல்யாணம்' என்று இடைவெளி விட்டு வைத்தேன். 'கெடா' இல்லை, 'கல்யாணம்' இல்லை என்று இரண்டு பிழை வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசி:
ஸ்கிரிப்டின் கடைசியில், தேர்ந்த பெயரைத் திறக்கும் கட்டளையிடம் கொடுக்க எக்ஸ்ஆர்க்ஸ் வைத்திருக்கிறீர்கள், சரியா? இடைவெளி கண்ட இடத்தில் அது வெட்டிவிடும். அதன் பின்னால் சின்னக் கோடு, சின்ன டி போடுங்கள். பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் சின்ன என்னும். வரி முடியும் இடத்தில் மட்டும் வெட்டும்.

அச்சுக்கடைத் தம்பி:
திறந்துவிட்டது அண்ணே, ரொம்ப நன்றி. ஆல்ட்-பி தட்டி நிரல்களைத் திறக்க டிமெனுவே இருக்கட்டும், அதுகளின் பெயரெல்லாம் இங்கிலீஷ்தானே. சுங்கைப் பட்டாணி ஐயா சாயங்காலம் புரூஃப் பார்க்க வருகிறார். திரையை அவர் பக்கமே திருப்பி வைக்கிறேன்.