“படும்” எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார்கள், அவசர உதவி

நள்ளிரவு_ரைட்டர்:
அவசரம். நான் எழுதியதைப் பார்த்த எடிட்டர் “செயப்பாட்டுவினை ஒன்றுகூட இருக்கக் கூடாது”, அதாவது ‘செய்யப்படும்’ மாதிரி ‘படு’ சேர்ந்த வினையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எடுத்தால் வாக்கியம் மொட்டையாக நிற்கிறது. நாளை அச்சுக்குப் போகிறது. எப்படி மாற்றுவது?

கொக்கி:
என்ன எழுதினீர்கள்? ஆய்வுக் கட்டுரையா, மேனுவலா, ஆப்பில் வரும் செய்தியா? ஒரு வாக்கியமாவது போடுங்கள்.

இலக்கணச்செம்மல்:
இது பள்ளிப் பாடம். இங்கேயே பலமுறை பேசியாயிற்று, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். ‘ஆல்’ உருபை நீக்கி அதை எழுவாயாக்கு, பழைய எழுவாயோடு ‘ஐ’ சேர், ‘படு’வை எடு. முடிந்தது.

நள்ளிரவு_ரைட்டர்:
‘ஆல்’ எங்கேயும் இல்லையே ஐயா.
“தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிறுத்தப்படும்.”
“மின்சாரம் திரும்பியதும் மோட்டார் இயக்கப்படும்.”
“மூடி திறக்கப்படும் முன் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட வேண்டும்.”

வயக்காட்டுவாசி:
ஸ்டார்ட்டர் பெட்டி மேனுவலா? முதலிலேயே சொல்லக் கூடாதா? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? ஃப்ளோட் சுவிட்ச் உண்டா?

கொக்கி:
அண்ணே, அவர் கேட்பது வாக்கியத்தைப் பற்றி.

வயக்காட்டுவாசி:
நானும் அதைத்தான் கேட்கிறேன். ஃப்ளோட் இருந்தால் மோட்டார் தானாக நிற்கும். இல்லையென்றால் நான் ஓடிப் போய் நிறுத்த வேண்டும். “நிறுத்தப்படும்” என்றால் யார் நிறுத்துவது?

தென்கரை:
அண்ணன் கேட்டதிலேயே விடை இருக்கிறது. கருவி செய்வதானால் “மோட்டார் தானாக நின்றுவிடும்”. படிப்பவர் செய்ய வேண்டியதானால் நேரடியாகச் சொல்லுங்கள்: “முதலில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். அப்புறம் மூடியைத் திறங்கள்.” “பொருத்தப்பட்டுள்ளது” போன்றவற்றுக்கும் வழி உண்டு. கதவு பூட்டியிருக்கிறது என்கிறோம் அல்லவா, அதே மாதிரி “ஃபியூஸ் உள்ளே பொருத்தியிருக்கிறது”. யார் செய்தார் என்பது படிப்பவருக்குத் தேவையே இல்லாத இடத்தில் ‘படு’ இருக்கட்டும். “2024இல் தயாரிக்கப்பட்டது” என்பதை எதற்கு மாற்ற வேண்டும்? ஒன்றுகூடக் கூடாது என்பது எடிட்டரின் பிடிவாதம்.

தனித்தமிழ்_தம்பி:
எடிட்டர் சொல்வதுதான் சரி. ‘படு’ போட்டு எழுதுவதே ஆங்கிலத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்ட நோய்.

தென்கரை:
தம்பி, தொல்காப்பியத்திலேயே “செயப்படுபொருள்” இருக்கிறது. 291ஆம் குறள் “வாய்மை எனப்படுவது” என்றுதான் தொடங்குகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பால் அளவு கூடிவிட்டது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இலக்கணச்செம்மல்:
தொல்காப்பிய நூற்பாவையே தருகிறேன்: “செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே.” செயலுக்கு உள்ளான பொருளையே செயலைச் செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று பொருள். உரை தரும் எடுத்துக்காட்டு “திண்ணை மெழுகிற்று”. திண்ணை தானாகவா மெழுகிக்கொண்டது? ‘படு’ இல்லாமல் சொல்வதும் மரபுதான். படித்துவிட்டு வந்து பேசவும்.

தனித்தமிழ்_தம்பி:
உரை நூலுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதை நூலின் தலையில் கட்டாதீர்கள்.

கொக்கி:
திண்ணையை விடுங்கள். ரைட்டர், உங்கள் இரண்டாவது வாக்கியம் ஆபத்தானது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடுமா, யாராவது பட்டனை அழுத்த வேண்டுமா? கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் பெட்டிக்குள் கை வைத்திருந்தால்?

நள்ளிரவு_ரைட்டர்:
தெரியவில்லை. ஆங்கில மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இன்ஜினியரைக் கேட்க வேண்டும்.

தென்கரை:
அவர் சொல்லும் வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

நள்ளிரவு_ரைட்டர்:
கேட்டாயிற்று. ஆட்டோவில் இருந்தால் தானாக ஓடுமாம், மேனுவலில் இருந்தால் பச்சை பட்டனை அழுத்த வேண்டுமாம். இரண்டு வாக்கியமாகப் பிரித்து எச்சரிக்கையும் சேர்த்தேன். வாரண்டி பக்கத்தின் ‘படும்’களை எடிட்டரே தொடவில்லை. நன்றி.

தனித்தமிழ்_தம்பி:
செம்மல் ஐயா, உரையின் காலம் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வயக்காட்டுவாசி:
ஆட்டோவில் டிலே டைமர் உண்டா? எந்த மாடல்?