'தி' பழத்தைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

வியட்நாமின் 'தாம் – காம்' கதையைக் குழந்தைகளுக்காகத் தமிழில் எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே பழத்தில் நிற்கிறேன்.

கொல்லப்பட்ட நாயகி தாம் பறவையாகி, மரமாகி, கடைசியில் ஒரு 'தி' பழத்துக்குள் ஒளிந்திருப்பாள். கீழே நிற்கும் கிழவி, "தியே, தியே, பாட்டி பைக்குள் விழு. மோந்து பார்ப்பேன், தின்ன மாட்டேன்" என்பாள். பழமும் விழும். கதையின் உயிரே அந்த வரிதான்.

பழம் மஞ்சள், உள்ளங்கையில் அடங்கும், வாசனைக்காகவே வீட்டில் வைப்பார்கள். தாவரவியல் பெயர் டயோஸ்பைரோஸ் டெகாண்ட்ரா, நம் பனிச்சையின் இனம்.

ஆங்கிலத்தில் சொல்வதுபோல 'தங்க ஆப்பிள்' என்று போட்டேன். "ஆப்பிளை ஏன் தின்னக் கூடாது?" என்று என் மகள் மடக்கினாள். 'பனிச்சை' என்றால், படகுக்குப் பிசின் பூசுகிற காய் ஞாபகம்தான் வருகிறது, மணம் வரவில்லை. வெறும் 'தி' என்றால் அச்சுப்பிழை போல இருக்கிறது. 'மணப்பழம்' என்றும் எழுதிப் பார்த்தேன், சோப்பு விளம்பரம்தான்.

அந்த வரியை வாய்விட்டுப் பாடும்போது இடறாத, மணமும் சொல்கிற ஒரு பெயர் உங்களுக்குத் தோன்றுகிறதா?