புதுப்பிப்பு: ரூம் வாடகையைக் காட்டி வெட்டிய க்ளெய்ம், பெரும்பகுதி வந்துவிட்டது

முன்பு கேட்டது இதுதான்: ஏற்காட்டிலிருந்து மாமாவை அழைத்துவந்து சேலத்தில் பித்தப்பை ஆபரேஷன். ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி 3 லட்சம், ரூம் வரம்பு நாளுக்கு அதில் 1 சதவீதம், அதாவது 3,000. கிடைத்தது 4,000 ரூபாய் ரூம்தான். நாளுக்கு ஆயிரம் போகும் என்று பார்த்தால், மொத்த பில்லிலும் கால்வாசியை வெட்டிவிட்டார்கள். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "ப்ரொப்போர்ஷனேட் டிடக்‌ஷன் எல்லாவற்றுக்கும் கிடையாது" என்று ஒரு அண்ணன் சொன்னது. ரூம் வரம்பைத் தாண்டிய அதே விகிதத்தில் மற்ற கட்டணங்களையும் வெட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அமைப்பின் 2020 விதிப்படி மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (கையுறை, சிரிஞ்ச் மாதிரி பயன்படுத்தித் தீரும் பொருட்கள்), இம்ப்ளாண்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஐசியூ கட்டணம் இவற்றில் அந்த வெட்டு கூடாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் மாதிரியானவற்றில் வெட்டலாம். எந்த ரூம் எடுத்தாலும் இந்தக் கட்டணங்கள் மாறாத ஆஸ்பத்திரி என்றால் இவற்றிலும் வெட்டக் கூடாது.

இதை எழுதி இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு மெயில் போட்டேன். ஆஸ்பத்திரி கொடுத்த, மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் செல்லவில்லை, ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் ஐட்டம்வாரி பில் கேட்டார்கள். பில்லிங் கவுண்டரில் அதை வாங்குவதுதான் பெரும்பாடு! பிறகு மருந்து, டெஸ்ட் பிடித்தம் முழுக்கத் திரும்பியது. எதிர்பாராதது: மாமாவுக்குத் துணையாகக் கூட இருந்தவர் சாப்பாட்டுக்கு கம்பெனி ஒரு பைசா தரவில்லை. அது எந்த ரூம் எடுத்தாலும் நம் கையிலிருந்துதானாம். கம்பெனி தீர்க்காத புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் வரை போகவேண்டி வரவில்லை.