மலைப்பாங்கான கிராமப்புறம், வண்டி வராத சரளைப் பாதை: சைக்கிளுக்கு உண்மையிலேயே நல்லதா?

தார்ச்சாலைக்காரன்:
சைக்கிளில் எங்கே போகலாம் என்று புதிதாக யார் வந்து கேட்டாலும் இந்த மன்றத்தில் ஒரே பதில்தான்: "கிராவல் பைக் எடுங்க, வண்டி வராத சரளைப் பாதையாப் பார்த்துப் போங்க." கிராவல் பைக் என்றால் வளைந்த ஹேண்டில்பாரும் அகலமான டயரும் வைத்த, சரளைக்கென்றே செய்த சைக்கிள். சமதரையில் ஓட்டுபவருக்கு அது சரி. மலைப்பாங்கான பகுதிக்கு அது பாதி ஆபத்தான அறிவுரை என்பது என் கட்சி.

தார்ச்சாலை போடும்போது பாரவண்டி ஏறவேண்டுமே என்று வளைத்து வளைத்துச் சரிவைக் குறைத்திருப்பார்கள். காட்டுப்பாதைக்கும் வயல்பாதைக்கும் அந்தக் கவலை கிடையாது. டிராக்டர் ஏறினால் போதும் என்று மேட்டில் நேரே ஏறும். 15 சதவீதச் சரிவெல்லாம் அங்கே சாதாரணம். ஏறுவதைக்கூட விடுங்கள், இறங்கும்போது உதிரிக்கல்லில் முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது மிகக் கஷ்டம். விழுந்து கிடந்தால் அந்தப் பக்கம் வர ஆளும் இருக்காது, பல இடங்களில் சிக்னலும் இருக்காது. கால் மணிக்கு ஒரு கார் வரும் ஒடுக்கமான தார்ச்சாலை இதைவிட எவ்வளவோ மேல்.

சரளைக்கால்:
அந்தக் கால் மணிக்கு ஒரு கார்தான் எனக்குப் பயம். வண்டிகள் நிறைய ஓடும் சாலையில் ஓட்டுநர் விழிப்போடு வருவார். காலியான மலைச்சாலையில் 'யார் வரப்போகிறார்கள்' என்ற நினைப்பில் வளைவை வெட்டித் திருப்புவார். ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு 7 கிமீ, பின்னால் வரும் கார் 60 கிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர் நெருங்குகிறது. 45 மீட்டர் வரைதான் கண்ணுக்குத் தெரியும் வளைவு என்றால், மொத்தமே மூன்று நொடி. அந்தச் செங்குத்தில் நேர்கோட்டில் மிதிக்க யாராலும் முடியாது, ஒரு முழமாவது இடவலமாக ஆடும். வண்டி வராத பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் ஆடலாம், நின்று நின்று போகலாம், இறங்கித் தள்ளலாம்.

தார்ச்சாலைக்காரன்:
காரிடமிருந்து தப்ப நம் சைக்கிளுக்குப் பின்விளக்கு இருக்கிறது, பளிச்சென்ற சட்டை இருக்கிறது, பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. சரளையில் விழாமல் இருக்க என்ன இருக்கிறது?

சரளைக்கால்:
காற்றைக் குறைப்பது இருக்கிறது. பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. தார்ச்சாலைக்கு அடித்த அழுத்தத்தோடு சரளையில் இறங்கிவிட்டு, கிராவல் பைக்கே சரியில்லை என்று இங்கே வந்து எழுதுகிறார்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர், 45 மிமீ ட்யூப்லெஸ் டயர் என்றால் 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, பின்சக்கரத்தில் கொஞ்சம் கூட்டி, முன்சக்கரத்தில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு உருளும். உள்ளே ட்யூப் இல்லாததால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே அது நசுங்கிப் பஞ்சராகும் பேச்சும் இல்லை.

இறக்கத்துக்கு வருவோம். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் முன்பிரேக்கைத் தொட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். கை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில், இடுப்பு சற்றுப் பின்னால், பார்வை சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லில் இல்லாமல் போகவேண்டிய தடத்தில். இது பழக்கத்தில் வரும். பின்னால் வரும் ஓட்டுநரின் கவனம் நம் பழக்கத்தில் வராது.

பல்சக்கரம்:
இரண்டு பேரும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மேட்டுச் சரளையில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கியர்.

கணக்குப் போடலாம். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ. சரிவு 10 சதவீதம். முன்பல்சக்கரம் 40 பல், பின்னால் இருப்பதில் பெரிய பல்சக்கரம் 42 பல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.5 கிமீக்குக் கொஞ்சம் மேலே வரும். உதிரித் தரையின் இழுவையையும் சேர்த்தால் சுமார் 200 வாட் தேவை. சாதாரண ஆளால் அதைச் சில நிமிடம் தரமுடியும், அரைமணி நேரம் தரமுடியாது. தார்ச்சாலையாக இருந்தால் எழுந்து நின்று மிதித்து ஒப்பேற்றலாம். சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தில் எடை குறையும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், கால் தரைக்கு வந்துவிடும். அங்கிருந்து மறுபடி கிளம்புவது இன்னொரு வேதனை.

அதே 40 பல்லுக்குப் பின்னால் 52 பல் இருந்தால் 6 கிமீ வேகத்தில், 165 வாட்டில் உட்கார்ந்தபடியே ஏறலாம். முன்பல்சக்கரத்தையும் 36 ஆக்கினால் இன்னும் சுகம். பந்தயக்காரர்களுக்காகப் பல் எண்ணி விற்கப்படும் சைக்கிளை அப்படியே மலைக்குக் கொண்டுபோய்விட்டுப் பாதையைக் குறை சொல்லக்கூடாது. தார்ச்சாலைக்காரரே, உங்கள் சைக்கிளில் எத்தனை பல்?

தார்ச்சாலைக்காரன்:
முன்னால் 34, பின்னால் 32. தார்ச்சாலைக்குப் போதும். அதைத்தானே நானும் சொல்கிறேன்!

அகலடயர்:
கிராவல் பைக் என்ற பேச்சே தேவையில்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் கான்சாஸில் 2006இல் தொடங்கிய பந்தயம் ஒன்று உண்டு, இப்போது அதன் பெயர் அன்பவுண்ட். முக்கியத் தூரமே 200 மைல். நெடுந்தூரம் ஓரளவு வேகமாகப் போகவேண்டும் என்ற அந்த மாதிரித் தேவைக்கு வளர்ந்த சைக்கிள் இது. 6 கிமீ வேகத்தில் மேடு ஏறி, பயந்து பயந்து இறங்குபவருக்கு வளைந்த ஹேண்டில்பாரால் என்ன லாபம்? 29 அங்குல மவுன்டன் பைக்கில் 55 மிமீக்கு மேல் டயர் போகும், சின்ன கியர் இருக்கும், முன்னால் சஸ்பென்ஷன் இருக்கும். தார்ச்சாலைக்காரர் பயப்படும் அதே இறக்கத்தில் என்னால் சுற்றிலும் பார்த்துக்கொண்டே வரமுடியும்.

சரளைக்கால்:
அந்த மேட்டுக்குப் போய்ச்சேர 20 கிமீ தார்ச்சாலை இருந்தால் முள் வைத்த டயரை இழுத்துக்கொண்டு போவீர்களா? எதிர்க்காற்றில் அந்த அகலக் கைப்பிடியோடு?

அப்புறம் ஒரு வரலாறு. இங்கிலாந்தில் 1955இலேயே ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். வண்டிச்சாலையை விட்டு மலைத்தடங்களில் போவதற்கென்றே. அப்போது மவுன்டன் பைக்கும் இல்லை, கிராவல் பைக்கும் இல்லை. சாதாரணப் பயணச் சைக்கிள்தான். முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சைக்கிளைவிட, இறங்கி நடக்க வெட்கப்படாத மனம்தான் முதல் தேவை.

வரைபடப்பித்து:
'வண்டி வராத' என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இப்படிப்பட்ட பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் குறிப்பார்கள். 1 கெட்டியான தளம், 5 மண்ணும் புல்லும். ஆனால் அந்த எண் உறுதியைச் சொல்லுமே தவிர, மேலே எவ்வளவு உதிரிக்கல் கிடக்கிறது என்று சொல்லாது. நேற்றைய மழையும் அதற்குத் தெரியாது.

உயரக் கணக்கு இன்னும் மோசம். 5 கிமீயில் 250 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரி 5 சதவீதம், படிக்க இனிமையாக இருக்கும். அதில் 3 கிமீ தட்டையாக இருந்தால் மிச்சம் 2 கிமீ சுவர். பல செயலிகள் 30 மீட்டர் கட்டங்களாக எடுத்த உயரத் தரவை வைத்துச் சரிவைக் கணிப்பதால், குட்டையான செங்குத்துகள் படத்தில் வழவழவென்று தெரியும். போய் நின்றால்தான் தெரியும் சேதி.

வேலைநாளில் காட்டுப்பாதையில் மரம் ஏற்றிய லாரியும் வரலாம். 'பொது வாகனம் வராது' என்பதும் 'எதுவுமே வராது' என்பதும் வேறு வேறு.

நிஜமாகவே வண்டியும் வேண்டாம், செங்குத்தும் வேண்டாம் என்பவர்கள் கைவிடப்பட்ட ரயில்பாதைகளைத் தேடுங்கள். ரயிலால் செங்குத்தில் ஏறமுடியாது என்பதால் அவை பெரும்பாலும் 2, 3 சதவீதத்தைத் தாண்டாமல் மலையைச் சுற்றிப் போகும்.

தார்ச்சாலைக்காரன்:
வரைபடப்பித்து சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். தரம் தெரியாது, சரிவு தெரியாது, லாரி வருமா என்றும் தெரியாது. இப்படிப்பட்ட பாதைக்குப் புதிய ஆளை எப்படி அனுப்புகிறீர்கள்? தனியாகப் போய்க் கால் முறிந்தால் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் தரவில்லை.

சரளைக்கால்:
எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவது. சிக்னல் இல்லாத பகுதி என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி. இரண்டும் இல்லையென்றால் தனியாகப் போகாமல் இருப்பது. நடைப்பயணம் போகிறவர்களுக்கும் இதே விதிதான், அவர்களை யாரும் கார் ஓடும் சாலையில் நடக்கச் சொல்வதில்லையே.

மட்டுறுத்துநர்:
நடுவில் சைக்கிள் நிறுவனங்களைத் திட்டி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பாதையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

முதல்மிதி:
இவ்வளவையும் படித்துவிட்டுக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். என்னிடம் இருப்பது பழைய மவுன்டன் பைக். முன் சஸ்பென்ஷன் இறுகிப்போய் அசையவே இல்லை. இதை வைத்துத் தொடங்கலாமா?

அகலடயர்:
தாராளமாக. ஃபோர்க் அசையாவிட்டால் பரவாயில்லை. அதில் விரிசலோ ஆட்டமோ இருக்கிறதா என்று மட்டும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் முள்ளோடும் இருக்கும் டயர் மாற்றினால் தார்ச்சாலையிலும் நன்றாக உருளும்.

பல்சக்கரம்:
பழைய மவுன்டன் பைக் என்றால் முன்னால் மூன்று பல்சக்கரம் இருக்குமே? சின்னது 22 அல்லது 24 பல்லாக இருக்கும். நான் மேலே போட்ட கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம், எங்களில் பலரைவிட உங்களுக்குத்தான் சின்ன கியர் இருக்கிறது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

தார்ச்சாலைக்காரன்:
முதல் தடவை துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. தார்ச்சாலையாக இருந்தால் இன்னும் நல்லது.

சரளைக்கால்:
அதானே பார்த்தேன்.