வரி முடிந்தால் சாக்கெட்டில் தானாகப் போய்விடுமாம்!

எட்டுக்கால்:
"பைத்தான் சாக்கெட்டில் ஃபிளஷ் எழுதுபவன் பயந்தாங்கொள்ளி. வரிமுறிவு வந்தாலே பஃபர் காலியாகிவிடும்." புதிதாக வந்த ஒரு பையனுக்கு நிரல்நேசன் நேற்று அருளிய பதில் இது. சாக்கெட் என்பது இரு நிரல்கள் வலையில் பேசும் முனை, பஃபர் என்பது எழுதியதைச் சேர்த்து வைக்கும் இடம், ஃபிளஷ் என்பது அதை உடனே வெளியே தள்ளும் கட்டளை. இதற்கு விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். பையனின் சர்வர் பதிலை எழுதிவிட்டு நிற்கிறது, கிளையன்ட் ஒரு வரி வரட்டும் என்று ரீட்லைனில் தொங்குகிறது. வரிமுறிவுக்குக் காலியாவது டெர்மினல். சாக்கெட்டைக் கோப்புபோல் கையாள மேக்ஃபைல் தரும் கோப்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பைத்தான் 3.8-இல் அதன் பஃபர் 8192 பைட். "சரி, வாங்க" என்று இரண்டு சொல் எழுதினால் அது எப்போது நிரம்பும்?

நிரல்நேசன்:
பெரியவருக்கு வணக்கம். என் சாட் நிரலில் ஃபிளஷ் என்ற சொல்லே இல்லை. வரிமுறிவு போட்டேன், போனது. இதில் பேச என்ன இருக்கிறது?

எட்டுக்கால்:
வித் பிளாக்குக்குள் எழுதியிருப்பீர்கள். பிளாக் முடிந்தால் கோப்பு மூடும், மூடும்போது ஃபிளஷ் நடக்கும். எழுதிய வரிக்கு அடுத்தே, பிளாக்குக்குள்ளேயே, பத்து வினாடி ஸ்லீப் வையுங்கள். எதிர்ப்பக்கம் எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ரூபிக்காரன்:
ரூபி மொழியில் சாக்கெட்டுக்கு சிங்க், அதாவது எழுதியதை உடனே அனுப்பும் அமைப்பு, இயல்பிலேயே ட்ரூ. சும்மா சொன்னேன்.

எட்டுக்கால்:
யார் கேட்டார்கள்?

நிரல்நேசன்:
கோப்பைத் திறக்கும் ஓப்பனில் பஃபரிங் 1 என்றால் வரிக்கு வரி காலியாகும். மேக்ஃபைலின் அளவுருக்களையும் ஓப்பனைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது. நீங்கள் ஆவணத்தைவிடப் பெரியவரா? ஆக, வரிமுறிவு போதும்.

எட்டுக்கால்:
நேற்று 1 பற்றி மூச்சே விடவில்லை, இன்று 1 முளைத்துவிட்டது. சரி, 1-ஐயே பார்ப்போம். சாக்கெட் மூலநிரலைத் திறங்கள். அங்கே 1 என்பது லைன் பஃபரிங் அல்ல, ஒரு பைட் அளவுள்ள பஃபர். அதற்கு மேல், எழுத்தைப் பைட்டாக மாற்றும் டெக்ஸ்ட்ஐஓராப்பர் உட்கார்ந்து எழுத்தைத் தன் கையிலேயே சேர்த்து வைக்கிறது. 1 கொடுத்தாலும் உங்கள் வரி அங்கேதான் தூங்கும். வரிக்கு வரி போக வேண்டுமென்றால் பைத்தான் 3.7 முதல் அதன் ரீகான்ஃபிகரில் லைன் பஃபரிங்கை இயக்கலாம். இல்லையென்றால் ஃபிளஷ். பூஜ்ஜியம் கொடுக்கலாமே என்று அடுத்து வராதீர்கள். டெக்ஸ்ட் முறையில் வேல்யூ எரர்தான் வரும்.

கோபக்தன்:
இதற்குத்தான் கோ மொழி. நெட் கனெக்‌ஷனில் எழுதினால் நேராக இயங்குதளத்தின் கெர்னல். பஃபர் வேண்டுமென்றால் பஃப்ஐஓவை நீங்களே சுற்றிக்கொள்ளுங்கள், சின்னப் பாக்கெட்டுகளைத் தேக்கி வைக்கும் நேகிளும் இயல்பிலேயே அணைந்திருக்கும்.

நிரல்நேசன்:
நேகிள்! அந்தப் பையனுக்குத் தாமதம் அதனால்தான். ஃபிளஷ் இல்லாததால் அல்ல.

எட்டுக்கால்:
ஆஹா, மாட்டிக்கொண்டதும் நேகிளைப் பிடித்துக்கொண்டார். 1984-இல் ஆர்எஃப்சி 896-இல் எழுதிய விஷயம் அது. முன்னால் அனுப்பியதற்கு ஒப்புகை வராத வரைக்கும்தான் சின்னப் பாக்கெட்டை நிறுத்தி வைக்கும். முதல் பாக்கெட்டைத் தடுக்கவே தடுக்காது. எதிர்முனை ஒப்புகையைத் தாமதித்தாலும் லினக்ஸில் பெரும்பாலும் 40 மில்லிவினாடிதான். பையன் டீ குடித்துவிட்டு வந்தும் பதில் வரவில்லை என்கிறான். அவனுடைய வரி கெர்னலையே எட்டவில்லை, அப்புறம் நேகிள் எதை நிறுத்தும்?

கோபக்தருக்கும் ஒரு வார்த்தை: பஃப்ஐஓ ரைட்டரில் ஃபிளஷ் மறந்தால் உங்கள் 4096 பைட்டும் இதே கதைதான்.

கோபக்தன்:
மறந்தால்தானே. நாங்கள் மறப்பதில்லை.

வரிக்குதிரை:
ஃபிளஷ் செய்தாலும் கெர்னல் பஃபர் வரைக்கும்தான். எதிர்முனை படித்துவிட்டதற்கு அது சாட்சி அல்ல. எட்டுக்கால் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எட்டுக்கால்:
எதிர்முனை படித்தது என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். போன மாதம் ஜிஐஎல் (பைத்தானின் இழைப் பூட்டு) பேச்சிலும் நான் சொல்லாததை என் வாயில் போட்டுத்தான் ஜெயித்தீர்கள்.

வரிக்குதிரை:
ஜெயித்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

எட்டுக்கால்:
அது நக்கல். நக்கலுக்கும் பஃபர் வைத்திருக்கிறீர்கள் போல, லேட்டாகத்தான் ஏறுகிறது. நிரல்நேசன் எங்கே? ஸ்லீப் வைத்துப் பார்த்தாரா?

நிரல்நேசன்:
இருக்கிறேன். ஸ்லீப் வைத்து நிரலைக் கெடுத்துக்கொள்ள எனக்கு வேலையில்லாமல் இல்லை. ஆவணம் தப்பென்றால் வழு பதியுங்கள். அவர்கள் திருத்தும் வரை வரிமுறிவே போதும்.

எட்டுக்கால்:
முயலுக்கு மூன்று காலேதான்! நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டு அந்த வரிக்கு சென்ட் அழைப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று ஒட்டுங்கள், முடிந்தது.

நிரல்நேசன்:
அலுவலகக் கணினியில் ஸ்ட்ரேஸ் இல்லை. நிறுவ அனுமதியும் இல்லை.

ரூபிக்காரன்:
ரூபி இருக்கிறதா?